கழுவிய முகம்

யாக்குபு அனுப்பிய படம் வந்து விழுந்தபோது காலை மணி ஆறே முக்கால். ஷோர்மேயின் வாயில் சோளக்கஞ்சி இருந்தது. அடுத்த ஐந்து நிமிடம் அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

யாக்குபு விளம்பரப் பலகைகளில் ஏறி ஃபிளெக்ஸ் கட்டுகிறவர். படத்தோடு குரலும் அனுப்பியிருந்தார். "ஆன்ட்டி ஷோர்மே, நல்லா தூங்கினீங்களா? உங்க பொண்ணு கனேஷிச் சந்தைக்கு வந்து சேந்துட்டா. இப்போதைக்குத் தரையில படுத்திருக்கா. எட்டு மணிக்கு மேல ஏத்திடுவோம். மூக்கு மட்டுமே என் கட்டில் அகலம் இருக்கு, ஆண்டவன்தான் தூக்கி விடணும்!"

படத்தில் அவள் மகள் லாமிலே நாற்பதடி நீளத்துக்கு மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தின் மேல் யாரோ ஒரு தாளை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். அந்தத் தாளிலும் லாமிலேதான். பெரிய அச்சுக்கு முன்னால் எடுத்த ப்ரூஃப். எது மேல், எது கீழ் என்று பார்த்துக்கொள்ள ஏற்றுகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவது. கன்னத்தின் மேல் கன்னம். தாளில் இருந்தவள் வறுத்து இறக்கிய கொக்கோ விதையின் நிறம். தரையில் கிடந்தவள் அதே சிரிப்போடு, தாராளமாகப் பால் ஊற்றிய தேநீர்.

யார் செய்த வேலை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஷோர்மே தன் வலது கை நடுவிரலைப் பார்த்தாள். அது கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது.

அக்ரா நகரத்தின் நியூடவுன் பகுதியில் குவார்ட்டே அச்சகத்தின் கம்ப்யூட்டர் முன்னால் அந்த விரல் பதினேழு வருடமாக உழைக்கிறது. சாவுப் போஸ்டர், கல்யாணப் பத்திரிகை, பாஸ்டர்களின் அற்புதசுகக் கூட்ட பேனர், சோப்பு லேபிள், எது வந்தாலும் வாடிக்கையாளர் தாளை நீட்டும்போதே குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொல்வார்: "கொஞ்சம் கழுவி விடும்மா." சொல்லாதவரும் அதைத்தான் எதிர்பார்ப்பார். அதனால் ஷோர்மே ஒன்பதாம் எண் பொத்தானில் அந்த வேலையை ஏற்றி வைத்திருந்தாள். ஒரு தட்டு தட்டினால் எந்த முகமும் இரண்டு படி வெளுக்கும். படத்தைத் திற, ஒன்பதைத் தட்டு, அச்சுக்கு அனுப்பு. ஒருமுறை ஒசுப் பகுதியில் செத்துப்போன ஒரு மீன்காரம்மாவை அவள் இரண்டு தடவை தட்டிவிட்டாள். துக்கத்துக்கு வந்த சொந்தத் தங்கை போஸ்டர் முன்னால் நின்று, "வேற வீட்டுக்கு வந்துட்டேன் போல, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அந்தக் கதையை ஷோர்மே எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இன்று அது நினைவுக்கு வந்தபோது சிரிப்பு வரவில்லை.

ப்ரூஃப் எடுத்த அன்று விளம்பர ஏஜென்சியிலிருந்து வந்த மேடம் எனியோனம் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் விரல் ஒழுங்காக இருந்தது. நேற்று மத்தியானம் பெரிய அச்சு ஓடியபோது யாரும் இல்லை. இரண்டு சாவுப் போஸ்டருக்கு நடுவில் மகளின் படம் வந்தது. அவள் கெங்கே சோள உருண்டையும் பொரித்த மீனும் தின்றுகொண்டே திறந்தாள், தட்டினாள், அனுப்பினாள். இயந்திரத்திலிருந்து முகம் துண்டு துண்டாகத்தான் இறங்கும்: முதலில் நெற்றி, அப்புறம் ஒரு கண், அப்புறம் பாதி மூக்கு. அதைப் பார்த்து அவள் பெருமையில் அழக்கூடச் செய்தாள். பெற்ற பிள்ளையின் நிறம் மாறியிருப்பது தெரியாமல் அழுத தாய் இந்த அக்ராவில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

உள்ளே குளியலறையில் தண்ணீர் சத்தம். லாமிலே பாடிக்கொண்டே குளித்தாள். பதினொரு மணிக்குத் திரை விலக்குகிறார்கள்.

லாமிலேக்கு இருபது வயது. இரண்டு வருடம் முன்பு ஒரு சோப்புக்காரன் அவளைப் படம் எடுத்தான். பத்திரிகையில் வந்தபோது அவ்வளவு வெளுத்திருந்த அந்தப் படத்தில் இருந்தது யார் என்று அவர்கள் குடியிருக்கும் மாம்ப்ரோபித் தெருவுக்கே தெரியவில்லை. அவள் கனேஷிச் சந்தையில் தோலை வெளுக்கவைக்கும் ஒரு க்ரீம் வாங்கி நான்கு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு பூசினாள். ஐந்தாவது மாதம் கழுத்துத் தோல் வெந்த மாதிரி உரிந்து காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். "இன்னொரு டப்பா பூசியிருந்தா உங்க பொண்ண நீங்க வேற மாதிரி கூட்டிட்டுப் போயிருப்பீங்க" என்றார் டாக்டர். வேற மாதிரி என்றால் என்ன என்று ஷோர்மே கேட்கவில்லை. சாவுப் போஸ்டர் அடிப்பவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் தோலில் பூசும் இந்த ஷியாக் கொட்டை வெண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். உள்ளூர்ச் சரக்கு, உள்ளூர்த் தோல் என்றார்கள். பலகையில் போடும் வாசகமே "எதையும் மாற்றவில்லை". லாமிலே ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: ஒரு புள்ளி வெளுக்கக் கூடாது. ப்ரூஃபின் மூலையில் கையெழுத்தும் போட்டாள். அன்றிரவு சாப்பிடும்போது, உப்பு கேட்கிற குரலில் சொன்னாள்: "மா, இதையும் மாத்திட்டாங்கன்னா நான் புரிஞ்சுப்பேன். என்னை இருக்கிற மாதிரி பாக்க யாராலயும் முடியலன்னு அர்த்தம். அப்புறம் நான் பழையபடி பூசிக்கிறேன், நீ தடுக்கக் கூடாது."

"எவன் மாத்துவான்? அச்சடிக்கறதே நான்தானே!" என்று மார்தட்டியவள் ஷோர்மே.

அவள் தெருவுக்கு வந்து அச்சக முதலாளி குவார்ட்டேயைப் போனில் கூப்பிட்டாள். அவசரத்தில் முதலில் காய்கறிக்காரிக்குப் போனது.

"பாஸ், ஒரு தப்பு நடந்துபோச்சு. கழுவிட்டேன்."

"யாரை?"

"லாமிலேயை."

மறுமுனையில் குவார்ட்டே கொட்டாவி விட்டார். "அவ்வளவுதானா? நான் மிஷின் எரிஞ்சுபோச்சோன்னு பயந்துட்டேன். நேத்து பாத்தேனே, பொண்ணு பளிச்சுனு இருக்கா. ஏம்மா, அவளை உள்ளபடி ஏத்தினா வண்டியில போறவன் என்ன நெனப்பான்? கறுப்பா இருக்கு, பலகை காலி, வாடகைக்குன்னு நெனச்சு எனக்குப் போன் போடுவான்."

"பாஸ், அவ என் பொண்ணு."

"அதனாலதான் சொல்றேன், நல்லா இருக்கட்டும். மிஷின்ல இப்ப பாஸ்டரோட பேனர் ஓடுது, மத்தியானம் வரைக்கும் தொட முடியாது. எவன் ஸ்கேல் வெச்சு நிறம் அளக்கப்போறான்? போயி நல்ல துணி உடுத்திக்க."

அளக்க ஸ்கேல் வேண்டாம், அந்தத் தாள் போதும் என்று அவளுக்குத் தெரியும். லாமிலேயின் கையெழுத்தோடு அது இப்போது யாக்குபுவிடம் இருந்தது. ஷோர்மே உள்ளே திரும்பி வந்து பொய் சொன்னாள். "லாமி, நான் முன்னாடி போறேன், இடம் பிடிக்கணும்!" என்று குளியலறைக் கதவைப் பார்த்துக் கத்தினாள். பலகையைப் பார்க்க இடம் பிடிப்பது என்றால் என்ன என்று லாமிலே கேட்கவில்லை. "சரி மா!" என்றாள். அந்தச் சந்தோஷக் குரல் முதுகில் குத்தியது.

கனேஷியில் ட்ரோட்ரோ வேனிலிருந்து இறங்கியபோது ஃபிளெக்ஸ் ஏறியிருந்தது; மேலே நீலத்துணி மூடியிருந்தது. காற்றில் துணி உள்வாங்கும்போதெல்லாம் அடியில் ஒரு பெரிய மூக்கும் உதடும் மூச்சுவிடுகிற மாதிரி தெரிந்தது.

யாக்குபு ஏணியடியில் உட்கார்ந்து, நான்காக மடித்த ஒரு தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அதை இப்படிக் குடுங்க."

"ஏன் ஆன்ட்டி, நல்லா காத்து வருதே?"

"குடுங்கன்னா குடுங்க!"

யாக்குபு கொடுத்தார். குரலைத் தாழ்த்தினார். "இதுவும் அதுவும் ஒண்ணா இல்லன்னு நானும் பாத்தேன். கூடப் பொறந்தவளா இருக்கும்னு நெனச்சேன். ஏத்தறது மட்டும்தான் நம்ம வேலை. யாருன்னு கேக்கறது இல்ல."

அவள் தாளைக் கைப்பையின் அடியில் திணித்து, மேலே கர்ச்சீப், அதற்கு மேலே பைபிள் வைத்து மூடினாள். ஆண்டவருக்கும் இதில் பங்கு இருக்கட்டும் என்றுதான்.

பத்தரைக்கு எனியோனம் மேடம் காரில் லாமிலேயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். லாமிலேக்கு மஞ்சள் கவுன், மொட்டைத் தலை, கழுத்தில் ஒரு துணிச்சுற்று. கூட்டம் வழிவிட்டது. ஷோர்மே சிரிக்கப் பார்த்தாள். முகம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"மா, ஏன் இப்படி வேர்க்குது?"

"வெயில்."

"நிழல்ல நிக்கற."

பதினொரு மணிக்கு ஸ்பீக்கர் அலறியது. யாக்குபு கயிற்றை இழுத்தார். துணி ஒரு பக்கம் சிக்கி, முதலில் பாதி முகம் மட்டும் வந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. ஷோர்மே பக்கத்தில் நின்ற வாழைப்பழக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு துணி முழுதும் விழுந்தது. சந்தை கைதட்டியது. ட்ரோட்ரோக்கள் ஹாரன் அடித்தன. மேலே தேநீர் நிறத்தில் நாற்பதடிச் சிரிப்பு. கீழே பெரிய எழுத்தில் "எதையும் மாற்றவில்லை".

எனியோனம் ஒரு நொடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு கம்பெனிக்காரர் பக்கம் திரும்பி, "வெயில் நேரா அடிக்குது, அதான் கொஞ்சம் பளிச்சுனு தெரியுது" என்றாள். அவர் "பிரமாதம்" என்றார். எனியோனம் மறுபடி பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

லாமிலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். ஷோர்மே அவள் முகத்தை மட்டும் பார்த்தாள். இதோ தெரியப்போகிறது. இதோ கழுத்தைத் தொடப்போகிறாள். இதோ.

லாமிலேயின் கண்ணில் நீர் நிறைந்தது. அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"மா. இதுதான் மா நான்."

ஷோர்மே பலகையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"சின்ன வயசுல இருந்தேன்ல, அதே கலர். நம்ம வீட்டுச் சுவர்ல இருக்கிற போட்டோ எல்லாத்துலயும் இருக்கேனே, அப்படியே. இவங்கதான் மாத்தாம எடுத்திருக்காங்க."

பிழைத்தோம் என்று ஷோர்மேயின் உடம்பு முழுக்க ஒரு மூச்சு வெளியேறியது. யாருக்கும் தெரியவில்லை, இவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு கோழி அடிக்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது. ஆனால் லாமிலே இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாக, ரகசியம் சொல்கிற மாதிரி.

"உன்கிட்ட சொன்னதே இல்ல. நான் வெள்ளையாகணும்னு பூசல மா. போட்டோல அப்படி இருந்தேன், கண்ணாடியில இப்படி இருக்கேன். வளர வளர ஏதோ கெட்டுப்போய் கறுத்துட்டேன்னு நெனச்சேன். டாக்டர்கிட்டகூட அதான் சொன்னேன், 'என் பழைய கலர் திரும்ப வந்தா போதும்'னு. அவரு சிரிச்சாரு. ப்ரூஃப் தாள்லகூடக் கண்ணாடி மாதிரி கறுப்பாத்தான் இருந்தேன். இப்ப பெருசாக்கினதும் பாரு, கேமராவுக்குத் தெரியுது. உள்ள அது இன்னும் இருக்கு." துணிச்சுற்றுக்குள் விரலை விட்டு அந்த வடுவைத் தடவினாள். "இது முழுசா மறைஞ்சப்புறம், ரொம்பக் கொஞ்சமா, வாரத்துக்கு ஒரு தடவை போட்டா அந்த அளவுக்கு வந்துடும்ல? அதுக்கு மேல வேண்டாம். அந்த அளவு போதும்."

காலையிலிருந்து ஷோர்மே பயந்தது ஒரு பூனைக்கு. புலி வேறு பக்கத்திலிருந்து வந்தது. கண்டுபிடித்துவிட்டால் பூசிக்கொள்வாளே என்று நடுங்கினாள். கண்டுபிடிக்காவிட்டாலும் பூசிக்கொள்வாள். சோப்புக்காரன் ஒரு தடவைதான் மாற்றினான். சுவரில் இருந்த பதினேழு வருடத்தையும் மாற்றியது யார்? ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வாங்கக் காசு இல்லாவிட்டாலும், போஸ்டர் அளவில் பிள்ளையை அடித்து மாட்டியது யார்?

அவள் கைப்பையைத் திறந்தாள். பைபிளை எடுத்தாள், கர்ச்சீப்பை எடுத்தாள், தாளை எடுத்து விரித்தாள்.

"இதுதான் நீ," என்றாள். மேலே கை காட்டினாள். "அது நீ இல்ல."

லாமிலே தாளைப் பார்த்தாள். தன் கையெழுத்தைப் பார்த்தாள். மேலே பார்த்தாள்.

"யாரு மாத்தினா?"

"நான்."

"மா, விளையாடாத."

"நான்தான். வேணும்னு செய்யல. கை பழக்கம். ஒரு பொத்தான் இருக்கு. எல்லாரையும் கழுவுவேன். நேத்து உன்னையும்..." கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து மட்டும் இல்ல."

"எப்பலேருந்து?"

"உன் மூணாவது பிறந்தநாள்."

"அதுக்கு முன்னாடி எடுத்தது?"

"ஸ்டுடியோல ஒண்ணு எடுத்தோம். அதுல நல்லா இருந்த, என்ன மாதிரியே."

"அது எங்க?"

ஷோர்மே தலை குனிந்தாள். "அதையும் பிறகு ஸ்கேன் பண்ணிக் கழுவினேன்."

லாமிலே தாளை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். எனியோனம் "லாமிலே, கம்பெனியோட ஒரு போட்டோ!" என்று கூப்பிட்டது அவள் காதில் ஏறவில்லை. சாலையைக் கடந்து நேரே சந்தைக்குள் நுழைந்தாள்.

கனேஷிச் சந்தையில் அந்தப் பக்கம் தக்காளி விற்பதில்லை. க்ரீம் விற்கிறார்கள். இரண்டு பக்கமும் கழுத்து உயரத்துக்கு டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் வெளுத்த ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஷோர்மே பின்னாலேயே ஓடினாள். கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம். பத்தடி தள்ளி அந்த மஞ்சள் கவுன் போய்க்கொண்டே இருந்தது.

"ஏ அழகி!" என்றாள் ஒரு கடைக்காரி. க்ரீம் பூசிப் பூசி அவள் முகம் ஆரஞ்சு, விரல் மூட்டுகள் மட்டும் கரி. "கழுத்துல என்ன, பாதியில விட்டுட்டியா? வா, உக்காரு, முடிச்சு விடறேன்."

லாமிலே நின்றாள்.

"இது வாங்கிக்கோ. ஏழே நாள். உன் ஆத்தாவுக்கே அடையாளம் தெரியாது."

லாமிலே டப்பாவைக் கையில் எடுத்தாள். ஷோர்மேக்கு உலகம் அந்த டப்பா அளவுக்குச் சுருங்கியது. பிடுங்கி எறியலாம். எறிந்தால் நாளைக்கு வந்து வாங்குவாள். ஆஸ்பத்திரிக் கட்டில், ஒன்பது நாள், டாக்டர் சொன்ன அந்த வேற மாதிரி, எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. அவளுக்குத் தெரியாமலே தன் பிள்ளையின் சாவுப் போஸ்டர் எப்படி இருக்கும் என்று அவள் விரல் யோசித்தது. அதில் என்ன நிறம் வைப்பாய் என்று கேட்டது. அவள் அந்தக் கையை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

லாமிலே திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "மா. இந்த லேபிள் எங்க அடிச்சது?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடி போனது.

"நம்ம கடையிலதான்."

"இந்தப் பொண்ணு யாரு?"

"பேரு தெரியாது. குமாசியிலேருந்து படம் வந்துச்சு." மூச்சு வாங்கினாள். "வரும்போது உன்ன மாதிரி இருந்தா."

லாமிலே அந்தச் சின்ன முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கட்டைவிரலால் ஒருமுறை துடைத்தாள்; தூசியைத் துடைக்கிற மாதிரிதான் இருந்தது. கடைக்காரிக்குப் பொறுமை போனது. "அம்மாவும் பொண்ணும் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தீங்களா? வாங்கறதா இருந்தா வாங்கு, இல்ல வழிய விடு!"

டப்பா தட்டில் திரும்பிப் போய் உட்கார்ந்தது. வைத்த விதத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. வேண்டாம் என்று வைத்தாளா, இப்போது வேண்டாம் என்று வைத்தாளா. லாமிலே மறுபடி நடந்தாள். க்ரீம் வரிசை முடிந்து, செருப்பு வரிசை முடிந்து, வேன் நிற்கும் இடம் வந்தது.

அங்கே இரண்டு ட்ரோட்ரோக்கள் நின்றன. ஒன்று மாம்ப்ரோபிக்கு, வீட்டுக்கு. வீட்டில் அவள் அறைக்குக் கதவு இருந்தது. உள்ளே தாழ்ப்பாளும் இருந்தது. இன்னொரு வண்டியின் கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு, "சர்க்கிள், நியூடவுன்! சர்க்கிள், நியூடவுன்!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

லாமிலே இரண்டுக்கும் நடுவில் நின்றாள். ப்ரூஃப் காற்றில் படபடத்தது. அதை ஒழுங்காக, ஓரம் மடங்காமல் சுருட்டினாள். பிறகு கத்துகிறவனின் வண்டியில் ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

ஷோர்மே கீழேயே நின்றாள். ஏறு என்று யாரும் சொல்லவில்லை. பதினேழு வருடம் தினமும் அச்சகத்துக்குப் போய்வந்த வண்டி. படியில் கால் வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அம்மா, ஏறுறீங்களா, இல்ல கை காட்டி வழியனுப்ப வந்தீங்களா?" என்றான் கண்டக்டர். "இஞ்சின் சூடாகுது."

உள்ளேயிருந்து மஞ்சள் கவுன் போட்ட கை ஒன்று நோட்டை நீட்டியது. லாமிலே ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் கரகரத்திருந்தது, கோபமும் அதில் அப்படியே இருந்தது.

"நியூடவுன்," என்றாள். "ரெண்டு பேர்."